ஊட்டி: கல் பங்களாவா, ஸ்டீபன் தேவாலயமா?

ஊட்டியில் பழைய கட்டடம் பார்க்க ஒரு மத்தியானம்தான் இருக்கிறது என்றால், கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வயதில் மூத்தது கல் பங்களா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய வீடு. தோடர்களின் மேய்ச்சல் நிலம், ஏக்கர் ஒரு ரூபாய்க்குக் கைமாறியது. இன்றைய ஊட்டி நகரம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கட்டடக் கலை என்று பார்த்தால் எளிமையான வீடுதான்.

புனித ஸ்டீபன் தேவாலயம் வேறு ரகம். 1829-ல் அடிக்கல், 1830-ல் அர்ப்பணிப்பு. வடிவமைத்தவர் கேப்டன் அண்டர்வுட். வெளியே வெளிர் மஞ்சள் சுவர், சதுரக் கோபுரம். ஆனால் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். அந்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் மாளிகையில் இருந்தவை. 1799-ல் வீழ்ந்த ஓர் அரசனின் மாளிகையைப் பிரித்து, மரத்தை மலையேற்றி, வென்றவர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு வரலாற்றைத் தாங்கும் கூரைகள் குறைவு என்றே நினைக்கிறேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் அழகு. சாயங்கால வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள்.

அப்புறம், பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதனால் ஒன்றுதான் முடியும் என்றால், என் ஓட்டு தேவாலயத்துக்கே.