மணிலா மானிடவியல் அருங்காட்சியகம்: தகலாக் தெய்வங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் தகலாக் இன மக்களுடைய தலைமைத் தெய்வம் பத்ஹாலாவின் சிலையைப் பார்த்துவிடலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தகலாக் மக்கள் ‘லிகா’ என்று அழைத்த தெய்வ உருவங்களில் பெரும்பாலானவற்றை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பானியப் பாதிரிகள் உடைத்தும் எரித்தும் தீர்த்துவிட்டார்கள். ஆகவே முகம் தேடாதீர்கள், தடயம் தேடுங்கள். அதற்கு இந்த இடம் உண்மையிலேயே நல்ல இடம்.

முதலில் வழி. ரிசால் பூங்காப் பகுதியில் தேசிய அருங்காட்சியகத்துக்கு மூன்று கட்டடங்கள். நுண்கலைக்கு ஒன்று, மானிடவியலுக்கு ஒன்று, இயற்கை வரலாற்றுக்கு ஒன்று. பின்னவை இரண்டும் அக்ரிஃபினா வட்டத்தில் எதிரெதிரே இரட்டைப் பிள்ளைகள்போல நிற்கும். அவசரத்தில் மாறி நுழைவது சகஜம். பழைய நிதித்துறைக் கட்டடம்தான் மானிடவியல். அனுமதி இலவசம். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

உள்ளே முழங்காலில் கைவைத்துக் குந்தியிருக்கும் மர உருவங்களைப் பார்த்ததும் பலர் ‘தகலாக் நெல் தெய்வம்’ என்று படமெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது புலுல். வடக்கே மலைநாட்டு இஃபுகாவோ மக்களின் நெல் காவலர். தகலாக் வயலுக்கு உரியவர் லக்கபாத்தி: ஆண் பாதி, பெண் பாதி. விதைப்பு நேரத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, ‘லக்கபாத்தி, இந்த உன் அடிமைக்குச் சோறு போடு, பட்டினி போடாதே’ என்று வேண்டுவார்களாம். இது 1613இல் அச்சான ஸ்பானிய–தகலாக் அகராதியில் இருக்கிறது. காட்சிப்பெட்டியில் கிடைக்காத தெய்வம் அகராதியில் கிடைக்கிறது.

லகுனா செப்பேட்டை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். எந்த அறையில் இருக்கிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கறுத்த மெல்லிய தகடு, சுமார் 20க்கு 30 சென்டிமீட்டர், பத்தே வரி. எழுத்து காவி என்ற பழைய ஜாவா எழுத்து, மொழி பழைய மலாய். தொடக்கம் ‘ஸ்வஸ்தி’. பிறகு சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சச் சதுர்த்தி, சோமவாரம், அதாவது கி.பி. 900 ஏப்ரல் 21. நம் ஊர்க் கல்வெட்டு படித்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகவே படாது. விஷயம் என்னவோ சாதாரணக் கடன் தீர்ப்பு: நம்வரன் என்பவரின் 1 காத்தி 8 சுவர்ணம் (அக்கால எடை அளவுகள்) பொன் கடன் ரத்து. தெய்வத்தின் பெயர் ஒன்றும் இல்லை. பிறகு ஏன் பார்க்க வேண்டும்? சமஸ்கிருதச் சொற்கள் மலாய் உலகின் வழியாக, மணிலா இருக்கும் லூசோன் தீவுக்கு வந்த பாதைக்கு இதுவே கண்கண்ட சான்று. பத்ஹாலா என்ற பெயரும் அந்தப் பாதையில் வந்ததுதான். மூலம் ‘பட்டார’, மலாயில் ‘பத்தாரா’. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் இறைவனைப் ‘படாரர்’ என்று படிக்கிறோமே, அதற்கும் அதே வேர்.

தகலாக்கின் பழைய எழுத்துமுறையான பாய்பாயினுக்கான கூடத்தில் கலத்தகான் பானை. சிறியது, தோளைச் சுற்றி எழுத்து. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாசிப்பு இன்னும் இல்லை. சடங்குப் பானை என்று சொல்கிறார்கள்.

கைபேசியில் தெய்வப் பட்டியல் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்ஹாலா தந்தை, மயாரி, தாலா, ஹானான் மகள்கள் என்ற குடும்ப மரம் 20ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகள் வழியாகப் பரவியது. 1589இல் பாதிரியார் ஹுவான் தே பிளாசென்சியா எழுதிய குறிப்பில் அப்படி மரம் கிடையாது. பத்ஹாலா, லக்கபாத்தி, உழவுக்குரிய இதியானாலே, காதலர்களுக்குத் துணையான தியான் மசலாந்தா, விடிவெள்ளியான தாலா, கார்த்திகை நட்சத்திரக் கூட்டமான மப்புலோன் போன்ற பெயர்கள்தான். பட்டியல்கள் சீத்தானின் ஏவலர்களாக்கும் மங்ககாவாய், மங்குகூலம் இருவரும் பிளாசென்சியாவிடம் வெறும் மனிதச் சூனியக்காரர்கள். ‘சீத்தான்’ என்பதே சைத்தான்தான். ஸ்பானியர் வந்தபோது மணிலாவை ஆண்டவர்கள் முஸ்லிம்கள் என்பதை நினைத்தால் வியப்பில்லை. பட்டியல்களில் வரும் இன்னொரு தெய்வமான அப்போலாக்கி, லூசோனின் பங்கசினான் நாட்டவர். நிலா தெய்வமான மயாரி ஒரு கண்ணை இழந்த கதை, அதே தீவின் பம்பங்கா பகுதியுடையது. இவற்றையெல்லாம் ‘தகலாக்’ என்று ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போனால் எந்தக் காட்சிப்பெட்டியும் ஒத்துவராது.

இரண்டு மணி நேரம் போதும். ஸ்பானியர் காலத் தொடக்கத்துப் பிலிப்பைன்ஸ் மக்களைக் காட்டும் பாக்ஸர் சுவடியின் வண்ண ஓவியங்களைத் தேடி நேரம் போக்காதீர்கள். அது அமெரிக்காவில், இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மிச்ச நேரத்தில் எதிர்க் கட்டடத்துக்குப் போய், 6.17 மீட்டர் நீள முதலை லோலோங்கைப் பாருங்கள். அது தெற்கே மிண்டனாவோ தீவில் பிடிபட்டது, தகலாக் ஆற்றுக்காரன் அல்ல. ஆனாலும் அன்றைய தகலாக் மக்கள் முதலையை ‘நோனோ’, அதாவது பாட்டன், என்று பயபக்தியோடு அழைத்தது ஏன் என்று, அதன் தாடைக்கு முன்னால் நின்றால் விளக்கப் பலகை இல்லாமலே புரியும்.