உள்ளங்கையா, விரலா? டச்பேட் டிரைவர்களில் யாருக்குப் புரிகிறது

மஞ்சக்குப்பத்தில் கோர்ட் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கிறேன். தமிழ்99 கீபோர்டு முறை, பழைய லேப்டாப், கடலூர் மே மாத வியர்வை. போன வருடம் ஒரு பட்டா மாறுதல் மனுவில் "மேற்படி சொத்தில்" என்று மளமளவென்று அடித்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் "சொத்தில்" நாலு வரி மேலே ஏறி, சர்வே எண்ணுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடில் பட்டதை, டிரைவர் (டச்பேடை இயக்கும் நிரல்) கிளிக் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கையெழுத்துக்கு முன்னாலேயே கண்ணில் பட்டது, மனுக்காரர் செய்த புண்ணியம்.

அன்று இரவே டிரைவர்களை மாற்றி மாற்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.

லினக்ஸில் முன்பு சினாப்டிக்ஸ் டிரைவர். அதற்குத் துணையாக சின்டீமன் என்று ஒரு குட்டி நிரல் ஓடும். வேலை ஒன்றுதான்: கீபோர்டில் கை இருக்கும்வரை டச்பேடை முடக்குவது. நாமாக மாற்றாவிட்டால் கடைசி விசைக்குப் பிறகும் 2 வினாடி முடங்கியே கிடக்கும். அடித்து முடித்த கையோடு பாயின்டரை இழுத்தால் அசையாது. நேரத்தைக் குறைத்தால் பழையபடி தாவல். ஆனால் அதில் ஒரு நல்ல வசதி உண்டு: டேப்பையும் (பேடை லேசாகத் தட்டினால் கிளிக் ஆவது) ஸ்க்ரோலையும் மட்டும் நிறுத்திவிட்டு, பாயின்டரை ஓடவிடலாம். பாயின்டர் சும்மா நகர்வதால் யாருக்கு என்ன நஷ்டம்? டேப் விழுந்தால்தானே கர்சர் இடம் மாறுகிறது!

அதன் இடத்துக்கு வந்த லிப்இன்புட்டும் நேரம் பார்க்கிறது, ஆனால் கொஞ்சம் விவரமாக. ஒற்றை விசை என்றால் டச்பேட் 200 மில்லிவினாடி முடங்கும். தொடர்ந்து அடித்தால் 500. கன்ட்ரோல், ஆல்ட் சேர்த்து அழுத்தும் குறுக்குவழிகளை டைப்பிங் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்தது. அடிக்கும்போதே டச்பேடில் சாய்ந்த கை, எடுக்கும்வரை செல்லாக் காசு. கடைசி விசைக்குப் பிறகு வைத்த விரலோ, நேரம் முடிந்ததும் பாயின்டரை நகர்த்தும். அந்த விரலுக்கு டேப் உரிமை மட்டும் கிடையாது. உள்ளங்கை முன்னாலேயே வந்து படுத்துக்கொள்ளும், வேலையாக வரும் விரல் பின்னால்தான் வரும் என்பது டைப் அடிப்பவர்களுக்குத் தெரியும். இந்த டிரைவரை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. போதாததற்கு, பேடின் ஓரங்களில் தொடங்கும் தொடுகையையும் சந்தேகமாகவே பார்க்கும்.

ஒரு கோளாறு உண்டு. கீடி மாதிரி விசைகளை மாற்றித் தரும் நிரல் போட்டால், விசைகள் ஒரு போலி கீபோர்டிலிருந்து வருவதாகத் தெரியும். அது லேப்டாப்போடு சேர்ந்ததுதான் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் இந்தக் காவல் வேலை செய்யாது.

விண்டோஸ் வேறு வழி. 8.1-இல் வந்த பிரிசிஷன் டச்பேட் முறையில், ஒவ்வொரு தொடுகையோடும் 'இது விரல்தான்' என்ற நம்பிக்கைக் குறியையும் டச்பேடே அனுப்புகிறது. ஆக, உள்ளங்கையை அடையாளம் காண்பதில் பாதி வேலை வன்பொருளின் தலையில். நல்ல பேட் என்றால் அருமை, மட்டமான பேட் என்றால் விதி. நமக்குக் கையில் கிடைப்பது உணர்திறனில் நாலு படிகள்தான். டைப் அடிப்பவர்கள் குறைந்த படியில் வைத்துக்கொள்ளலாம். டேப் பதிவாகச் சற்றுத் தாமதம் ஆகும், அவ்வளவுதான்.

மேக்கில் திருகிப் பார்க்க அநேகமாக ஒன்றும் இல்லை. மவுஸ் செருகினால் டிராக்பேடை அணைக்கும் தேர்வு மட்டும் இருக்கிறது. அது விண்டோஸிலும் உண்டு.

என் ஓட்டு லிப்இன்புட்டுக்கு. அதோடு டேப் கிளிக்கையும் அணைத்துவிட்டேன். லிப்இன்புட்டில் அது இயல்பாகவே அணைந்துதான் வரும், லினக்ஸின் டெஸ்க்டாப் திரைச் சூழல்கள்தான் பல நேரம் போட்டுவிடுகின்றன. கிளிக் வேண்டுமென்றால் பேடை அழுத்துகிறேன்.

அப்புறமும் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் பாயின்டர் நடுங்கியது. அதற்கு எந்த டிரைவரும் பொறுப்பில்லை. சுவரில் இருந்த பிளக் பாயின்டுக்கு எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டுப் போனார்.