உப்பா, களியா? டெல்டாவில் மின்தடை ஆய்வுச் சேவை எவ்வளவு தேறும்

ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் முன் ‘பாயிண்ட்’ பார்க்க வருகிறவர்கள் டெல்டாவில் மூன்று ரகம். தேங்காய், வேப்பங்குச்சிக்காரர்களை இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. அடுத்தது, இரண்டு கம்பியைச் செருகிக் கைபேசியில் வண்ணப்படம் காட்டும் சிறு பெட்டி. மூன்றாவது, நான்கு முளைக்கம்பி, இரண்டு ட்ரம் கேபிள், பேட்டரி, மீட்டர் என்று வந்து, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது (மின்தடை) என்று அளந்தபடி அரைநாள் வயலில் நடப்பவர்கள். காசு கொடுக்கலாம் என்றால் இவர்களுக்குத்தான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகப் போக “தண்ணீர் இருக்கிறதா” என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. எங்கே குத்தினாலும் ஈரம்தான். மணலா களியா, நல்ல தண்ணீரா உப்பா என்பதே கேள்வி. பாறை மாவட்டங்களில் தொழில் பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் கெட்டிப் பாறை ஆயிரம் ஓம்-மீட்டருக்கு (நிலத்தின் மின்தடை அலகு) மேல் காட்டும். தண்ணீர் ஏறிய சிதைந்த பாறை நூறுக்குக் கீழே இறங்கும். கம்பிகளை அகட்ட அகட்ட வரும் அளவுகளின் வளைகோடு எங்கே சரிகிறதோ அங்கே தண்ணீர் என்று கண் பழகிவிடும். அந்தக் கண்ணோடு வேதாரண்யம் பக்கம் வந்து, 2 ஓம்-மீட்டரைப் பார்த்து “இங்கே நல்ல ஊற்று” என்று சுண்ணாம்பு போட்டால், மோட்டார் உப்புத் தண்ணீரைத்தான் தூக்கும். டெல்டாவில் சரிவு என்றால் முதலில் சந்தேகம், பிறகுதான் நம்பிக்கை.

கணக்கு எளிது. தண்ணீரின் மின்தடையை மூன்று முதல் ஐந்தால் பெருக்கினால் அது நிறைந்த மணலின் மின்தடை ஏறக்குறைய கிடைக்கும். ஈசி (தண்ணீரின் மின்கடத்துதிறன், உப்பு ஏற ஏறக் கூடும்) செ.மீ.க்கு 1000 மைக்ரோசீமென்ஸ் உள்ள நல்ல தண்ணீரின் தடை 10 ஓம்-மீட்டர். நான்கால் பெருக்கினால் அந்த மணல் 40 காட்டும். ஈசி 5000 ஆனால் தண்ணீர் 2, மணல் 8. கடல்நீரேயானால் மணல் 1-க்கும் கீழே போகும். சிக்கல் அந்த 8-ல் இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஊறிய வண்டல் களியும் 5 முதல் 10 வரைதான் காட்டும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றே. வல்லம், ஒரத்தநாடு செம்மண் மேட்டில் இந்தக் குழப்பம் குறைவு. கடலை நெருங்க நெருங்கக் கூடும்.

ஆகவே வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “8 வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்?” என்பது. பதிலில் ‘ஐபி’ என்ற சொல் வந்தால் ஆள் விவரமானவர். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நிலம் சிறிது நேரம் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் அளவே ஐபி. களி பிடித்து வைக்கும், உப்பு ஏறிய சுத்த மணல் அவ்வளவாகப் பிடிக்காது. இதற்கு நான்கில் மின்னழுத்தம் அளக்கும் உள் கம்பிகள் இரண்டும் வெறும் இரும்பாக இருந்தால் சரிவராது. மயில்துத்தக் கரைசல் ஊற்றிய மண்குடுவை முனைகள் வேண்டும். ‘பக்கத்து வயல் போர்த் தண்ணீரை அளந்து ஒப்பிடுவோம்’ என்று சொன்னாலும் ஏற்கலாம். “அனுபவத்தில் தெரியும்” என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பனியாற்றுக்கு அடியில் தண்ணீர் தேடுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அண்டார்க்டிகாவின் விலன்ஸ் ஏரிக்குள் 2013 ஜனவரியில் சுமார் 800 மீட்டர் பனியைச் சுடுநீரால் துளைத்து இறங்கினார்கள். பனியின் அடியில் இருப்பது ஏரியா, நீரூறிய சேறா, உறைந்த தரையா என்று ஒரே கருவியை வைத்து யாரும் சத்தியம் செய்வதில்லை. ரேடார் பனியின் தடிமனையும் அடித்தரையின் பளபளப்பையும் சொல்லும். நில அதிர்வு அலை அந்தத் தரை இளகியதா இறுகியதா என்று சொல்லும். அதற்குக் கீழே படிவுகளுக்குள் ஊறிய நீரைப் பார்க்க மின்காந்த முறை வேண்டும். விலன்ஸ் பனியோடையின் அடியில் அப்படி நிலத்தடி நீர் இருப்பது 2022-ல் வெளிவந்தது. 2011-ல் அண்டார்க்டிகாவின் டெய்லர் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரில் மின்காந்தக் கம்பி வளையம் கட்டிப் பறந்து, டெய்லர் பனியாற்றின் அடியில் உப்புநீர் பரவியிருப்பதைக் கண்டார்கள். அதே வகைப் பறக்கும் வளையம் நம் கடலூர் மாவட்டக் கீழ் வெள்ளாற்றுப் பகுதியிலும் நிலத்தடி நீர் ஆய்வுக்காகப் பறந்திருக்கிறது. அண்டார்க்டிகாவில் கருவிகள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. நம் வயலில் ஒரே மீட்டரின் அரைநாள் வேலையில் முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

ரேடாரைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோமீட்டர் கணக்கில் பனியை ஊடுருவும் கருவி டெல்டாவின் ஈரக் களியில் ஓரிரு மீட்டருக்குள் செத்துவிடும். ‘ரேடாரில் தண்ணீர் பார்க்கிறோம்’ என்று விளம்பரம் செய்பவரை வயலுக்குள் விட வேண்டாம்.

இனி வேலை நடக்கும் விதம். ஷ்லும்பெர்ஜே முறையில் வெளிக் கம்பிகள் இரண்டும் மின்சாரம் செலுத்தும், உள் கம்பிகள் இரண்டும் மின்னழுத்தம் அளக்கும். 50 மீட்டர் ஆழம் நம்பகமாகத் தெரிய வேண்டுமானால் நடுவிலிருந்து இரு பக்கமும் 150 மீட்டராவது நேராக இழுக்க வேண்டும். அதாவது 300 மீட்டர், நாலைந்து வரப்பு தாண்டி. வீட்டு மனையில் 40 மீட்டர் இழுத்துவிட்டு 200 அடிக்குக் கீழே இரண்டாவது ஊற்று என்று சொல்வது கற்பனை. அந்த 150 மீட்டர் நிலையில், உள் கம்பிகள் 20 மீட்டர் இடைவெளியில், 5 ஓம்-மீட்டர் நிலத்தில் 100 மில்லிஆம்பியர் செலுத்தினால் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 0.14 மில்லிவோல்ட்தான். ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கீழே படிக்காத மீட்டர் இங்கே ஊகத்தை அளக்கிறது. 500 மில்லிஆம்பியராவது தள்ளும் பெட்டியும், ஒரே அளவைப் பலமுறை எடுத்துச் சராசரி பார்க்கும் வசதியும் கட்டாயம்.

பாறை நாட்டில் ஓடுகிற பெட்டி டெல்டாவில் திணறுவதற்குக் காரணம் இந்தச் சிறிய மின்னழுத்தம்தான். ஈபி லைன், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தால் அது மொத்தமாக அமுங்கிப்போகும். பழைய போரின் இரும்புக் கேசிங் (துளைக்குள் இறக்கிய குழாய்) இழுக்கிற கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது; புதைத்த இரும்புக் குழாய், கம்பிவேலி எதுவும் அதற்கு இணையாக ஓடக்கூடாது. தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் கேபிளின் தோல் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் மின்சாரம் வழியிலேயே கசியும். சோதனை சுலபம்: ஒரு வெளிக் கம்பியைப் பிடுங்கித் தூக்கச் சொல்லுங்கள், ஆம்பியர் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அன்றைய அளவுகள் குப்பை. அறுவடை முடிந்து தரை பிளந்து கிடக்கும்போது சிக்கல் நேர்மாறு: கம்பி மண்ணைத் தொடாது. ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றி, சேறு பிசைந்து அடித்தால் சரியாகும். மின்சாரத்தை இரட்டிப்பாக்கினால் மின்னழுத்தமும் இரட்டிப்பாக வேண்டும் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல தண்ணீர் பெரும்பாலும் பழைய ஆற்றுத் தடங்களின் மணலில் நீளவாக்கில் கிடக்கும். குறுக்கே கேபிள் இழுத்தால் பாதி மணலிலும் பாதி களியிலும் விழுந்து வளைகோடு கெட்டுவிடும். தடத்தோடு ஒன்று, குறுக்கே ஒன்று என இரண்டு கோடு இழுப்பவரே தேவலை. எவ்வளவு நன்றாக அளந்தாலும் 30 மீட்டர் ஆழத்தில் களிக்கு நடுவே இருக்கும் 3 மீட்டர் மணல் மேலிருந்து தெரியாது. ‘97-வது அடியில் மணல்’ என்று அடிக்கணக்கில் எழுதித் தருபவரிடம் கவனம்.

அறிக்கை என்று ஒரு சிவப்பு வட்டம் போட்ட தாளை வாங்காதீர்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஆம்பியர், வோல்ட் அட்டவணை, வளைகோடு, கோடு போன திசை, அடுக்குகளின் தடிமனும் மின்தடையும், கணக்கின் பிழை சதவீதம் எல்லாம் இருக்க வேண்டும். அட்டவணை கையில் இருந்தால் நாளை வேறொருவர் மறுபடி கணக்குப் போட முடியும்.

சிறு பெட்டிகள் இயற்கையாக நிலத்தில் ஓடும் மின்புலத்தை அளப்பதாகச் சொல்கின்றன. மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும் டெல்டா கிராமத்தில் அதில் எது இயற்கை, எது ஈபி என்று பிரிப்பது கடினம். படத்தின் நிறமும் அந்தந்தக் கோட்டுக்குள் ஒப்பீடுதான். நீலம் என்பதால் நல்ல தண்ணீர் ஆகாது. இவற்றுக்கு மதிப்பெண் பத்துக்கு இரண்டு.

முறையான மின்தடை ஆய்வு, ஐபி இல்லாமல் கடலோரத்தில் பத்துக்கு ஐந்து, உள்ளே ஏழு. ஐபியோடு என்றால் எட்டு வரை தரலாம். இருக்கிற பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் துளை ஆய்வுக்குக் கொடுங்கள். முதலில் சிறு துளை போட்டு, கேசிங் இறக்கும் முன், துளை சரியாமல் சேற்றுநீர் நிற்கும்போதே மின்முனையை உள்ளே இறக்கி அடிக்கு அடி அளப்பார்கள். மேலிருந்து மறைந்த அந்த 3 மீட்டர் மணல் இதில் தெரியும். பிவிசி குழாய் இறங்கிவிட்டால் இந்த அளவீடு எடுக்க முடியாது, எனவே ரிக் (துளை போடும் வண்டி) வரும் நாளிலேயே இந்த அளவெடுக்கும் லாகர்காரரும் வர வேண்டும். ஃபில்டர் குழாயை நல்ல மணலுக்கு நேராக மட்டும் வைத்து, உப்பு அடுக்குக்கு நேரே வெறும் குழாயும் அதன் வெளிப்புறம் களி அடைப்பும் கொடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ் வரை ஜல்லி கொட்டிவிட்டால் உப்பு அதன் வழியே இறங்கி நல்ல மணலுக்குள் சேரும்.

கம்ப்ரசர் அடித்துத் தண்ணீர் தெளிந்தவுடன் ஒரு ஈசி, ஆறு மணி நேரம் ஓடியபின் ஒரு ஈசி எடுங்கள். ஏறிக்கொண்டே போனால் கீழே இருக்கும் உப்பு மேலெழுகிறது. குதிரைத்திறன் குறைந்த மோட்டாரை மேலே ஏற்றி மாட்டி, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும்.