கருப்பு வெள்ளை பிரிண்ட் எடுக்கப் போய் பாட்டி புடவை பச்சையான கதை, அப்புறம் ராயப்பேட்டை கடை

பாட்டி வெத்தலைப் பெட்டிய மடில வச்சுட்டு திண்ணைல உக்காந்திருக்கற போட்டோ ஒண்ணு இருக்கு, அதை கருப்பு வெள்ளைல 12க்கு 18 இன்ச்ல போட்டு ஹால்ல மாட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. மொதல்ல தெரு முனைல இருக்கற லேப்ல குடுத்தேன், கடை ட்யூப்லைட்ல நல்லாதான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பால்கனி வெயில்ல பாத்தா வெள்ளைப் புடவை லேசா பச்சை!

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. அங்க அடிக்கறது கலர் பேப்பர், அதுல கருப்புனு தனியா ஒண்ணும் கிடையாது, சயான் மெஜந்தா மஞ்சள் மூணு சாயமும் அளவா சேந்தாதான் க்ரே, பேப்பரை கழுவற கெமிக்கல் கொஞ்சம் முன்ன பின்ன ஆனா போச்சு. என் மேலயும் தப்பு இருக்கு, போட்டோஷாப்ல க்ரேஸ்கேலுக்கு மாத்தி டாட் கெய்ன் 20%ல (பிரஸ்ல அச்சடிக்கறப்ப மை பேப்பர்ல பரவறத கணக்கு வைக்கற செட்டிங்) அப்படியே சேவ் பண்ணி குடுத்துட்டேன், லேப் மிஷினுக்கு எஸ்ஆர்ஜிபி (சாதாரண ஸ்க்ரீனுக்கான கலர் செட்டிங்) ஜேபெக்தான் குடுக்கணும், இல்லன்னா கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கற சாம்பல் எல்லாம் வெளுத்தோ இருண்டோ போயிடும்.

அப்புறம் ஃப்ரெண்ட் சொல்லி ராயப்பேட்டைல மாடில இருக்கற ஒரு சின்ன இன்க்ஜெட் கடைக்கு போனேன், மைய தெளிச்சு பிரிண்ட் அடிக்கற இடம். எப்சன் பி900னு ஒரு பிரிண்டர் வச்சிருக்காங்க, 10 இங்க், அதுல கருப்பும் சாம்பலும் மட்டுமே நாலு. கலர் மோட்ல விடாம அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வொயிட் மோட்ல விட்டா பெரும்பாலும் அந்த க்ரே இங்க்லயே அடிக்குது, கலர் இங்க் துளியூண்டு. கடைக்கார அண்ணன் நியூட்ரல் (சுத்த சாம்பல்), கூல் (லேசா நீலம்), வார்ம் (லேசா பழுப்பு) மூணுலயும் கையகலத்துக்கு டெஸ்ட் அடிச்சு ஜன்னல் ஓரம் கொண்டு போய் காட்டினாரு, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு. கூல்ல பாட்டி முகம் செத்துப் போச்சு, பழைய போட்டோ மாதிரி பழுப்பா வர்ற செபியா வேணாம்னு நானே சொல்லிட்டேன், கல்யாண ஆல்பம் வாசனை. வார்ம் கொஞ்சமா வச்சோம். எவ்ளோ இருட்டா வரணும்னு வைக்கற டோன் செட்டிங்க டார்க்கர்ல வச்சா புடவை மடிப்பு சூப்பரா எழுந்துச்சு ஆனா வெத்தலைப் பெட்டி இருட்டுல காணாம போச்சு, அதனால ஒரு படி குறைச்சு டார்க். காட்டன் மேட் பேப்பர்ல கருப்பு அவ்ளோ ஆழமா வராதுனு முன்னாடியே சொன்னாரு, வரலதான், ஆனா கண்ணாடி போட்ட மாதிரி பளபளக்காது, எனக்கு அது போதும்.

விலை லேப்ப விட நாலு மடங்கு. படி செங்குத்து, பைக் நிறுத்த இடமே இல்ல. சனிக்கிழமை கூட்டம், சாயந்திரம் போனா டெஸ்ட் அடிக்க நேரம் குடுக்க மாட்டாரு, வெயில் இருக்கறப்பவே போயிடுங்க.