சாவிக்கொத்து அலாரம்: வளாகத்தில் எவ்வளவு உதவும்?

ஆபத்து வந்தால் பெருஞ்சத்தம் எழுப்ப, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி இது. கல்லூரி வளாகத்துக்கு வாங்கலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 130 டெசிபல் என்ற ஒலி அளவைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் மிக அருகில் வைத்து அளந்த கணக்கு அது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 செ.மீ.யில் 130 என்றால் 10 மீட்டரில் 90தான். மூடிய ஜன்னல் இன்னும் கொஞ்சம் விழுங்கும்.

அழுத்தும் பொத்தான் வகையைவிட, செருகியிருக்கும் பின்னை (pin) உருவினால் அலறும் வகையே மேல். கை நடுங்கினாலும் இழுக்க வரும், திரும்பச் செருகும்வரை நிற்காது. இழுத்ததும் பின்னைத் தூர எறிந்துவிட்டு வெளிச்சமும் ஆளும் உள்ள பக்கம் ஓடுங்கள். பைக்குள் போட்டால் வீண். தோள்வாரின் முன்பக்கம் மாட்டவேண்டும். பின்னை இழுக்கும் வளையம் நீளமாகத் தொங்கினால் மேசையில் சிக்கி வகுப்பு நடுவே அலறும், ஜாக்கிரதை!

பட்டன் செல் (காசு போன்ற சின்ன பேட்டரி) வகைகள் பலவற்றில் செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உருவாவிட்டால் சத்தமே வராது. மாதம் ஒருமுறை கையை நீட்டி, காதுக்குத் தள்ளிப் பிடித்து ஒரு நொடி சோதியுங்கள். சத்தம் மெலிந்தால் எல்லா செல்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெரிய குறை: இது யாரையும் அழைக்காது. வளாகக் காவல் அறையின் எண் போனின் முகப்பிலேயே இருக்கட்டும்.