நிறுத்திய காரில் கேமரா: எந்த வழியில் பேட்டரி பிழைக்கும்?

சுங்கை சிப்புட் பாசார் பக்கம் நிறுத்தியிருக்கும் கார்களை ஒரு நோட்டம் விட்டால், பலவற்றில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா தெரிகிறது. ஓடும்போது படம் பிடிப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. இன்ஜினை அணைத்த பிறகுதான் சிக்கல். பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறந்து இடித்துவிட்டு நைசாக நழுவுவதும், லயத்துக்கு முன்னால் நிற்கிற வண்டியைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி உரசிவிட்டுப் போவதும், ராத்திரியில் எவனாவது கண்ணாடியில் கை வைப்பதும் வண்டி நிற்கும் நேரத்தில்தானே நடக்கிறது? அப்போது கேமரா விழித்திருக்க வேண்டுமானால் அதற்கு எங்கிருந்தாவது மின்சாரம் வேண்டும். கார் பேட்டரியிலிருந்து எடுத்தால் காலையில் ‘பேட்டரி கொங்’ ஆகிவிடுமோ என்று பயம். விடிகாலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுக்கும்) நேரத்தில் தோட்டத்துக்குள் ஜம்பர் கேபிளோடு வர யார் இருக்கிறார்கள்?

கடைகளில் விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராக ஒயர் இழுப்பது ஒன்று. பட்டறையில் கோளாறு பார்க்க ஸ்கேனரைச் செருகும் ஓபிடி துளையில் செருகுவது ஒன்று. பவர் பேங்க், கேமராவுக்கென்றே வரும் தனி லித்தியம் பேட்டரி, டேஷ்போர்டில் வைக்கும் சோலார் தகடு என்று பட்டியல் நீள்கிறது. விற்கிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்கள் வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது? என் கணக்கில் எதை வாங்குவது என்பதை முடிவு செய்வது அதுதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரணக் கேமரா தொடர்ந்து பதிவு செய்தால் ஏறத்தாழ 4 முதல் 5 வாட் இழுக்கும். 12 வோல்டில் அது 0.4 ஆம்பியரை ஒட்டி வரும். சாயங்காலம் 7 மணிக்கு நிறுத்திக் காலை 7 மணிக்கு எடுத்தால் கிட்டத்தட்ட 5 ஆம்பியர்-மணி போயிருக்கும். பழைய மைவி போன்ற சின்ன வண்டிகளில் இருக்கும் என்எஸ்40 வகை பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். ஆக ஒரே இரவில் ஏழில் ஒரு பங்கு காலி. இது போதாதென்று கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் சேர்ந்து, கேமரா இல்லாத வண்டியிலேயே நாளுக்கு ஒரு ஆம்பியர்-மணி வரை குடித்துவிடும். வெளியில் வாங்கிப் போட்ட ஆண்ட்ராய்டு பிளேயர் இருந்தால் இன்னும் கூடலாம்.

போனதை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்பிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். நிரப்பும், ஆனால் நேரம் கேட்கும். ஈய-அமில பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக உள்வாங்கும், நிரம்ப நிரம்ப மந்தமாகிவிடும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்காகும். ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்குப் போக வர அறுபது கிலோமீட்டரை ஒட்டி வரும், அவருக்கு இந்தச் சமாதானம் பொருந்தும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் வீடு திரும்புகிறவருக்குப் பொருந்தாது. அவருடைய பேட்டரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடனோடு தூங்கப் போகிறது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரித் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். நம்மூர் வெப்பத்தில் பேட்டரி ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோவது எப்படியும் சகஜம். இந்தக் கடன் அதையும் சீக்கிரப்படுத்தும்.

இப்போது வழிகளைப் பார்க்கலாம். ஃபியூஸ் பெட்டி வழியைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள், எனக்கும் முதலில் பிடித்தது அதுதான். இதற்கென்று கடையில் விற்கும் இணைப்புப் பெட்டியில் மூன்று ஒயர் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸுக்கு, கறுப்பு பாடிக்கு. சிவப்பில் மின்சாரம் நின்றதும் வண்டி நிறுத்தப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு கேமரா காவல் முறைக்கு மாறும். விவரம் தெரிந்த ஃபோர்மன் இந்த வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கவ்வியைப் பாடியில் மாட்டி, டெஸ்ட் பென் முனையால் ஒவ்வொரு ஃபியூஸின் முதுகையும் தொடுவார். சாவி இல்லாமலே விளக்கு எரிந்தால் அது மஞ்சளுக்கு, சாவி போட்டால்தான் எரிகிறது என்றால் சிவப்புக்கு. ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்கள் பக்கம் கையே போகாது. கறுப்பு ஒயரைப் பெயின்ட் பூசிய ஸ்குரூவில் சுற்றாமல், பளிச்சென்று உலோகம் தெரிகிற போல்ட்டாகத் தேடிப் பிடித்து முறுக்குவார். ஒயரை வெட்டி ஒட்டுகிறவரைவிட, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகித் தனிக் கிளை எடுக்கும் ‘ஃபியூஸ் டேப்’ போட்டுச் செய்கிறவர் மேல். புது வண்டிக்கு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரில் கத்தி வைப்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

இந்த வழியின் உயிர் ‘கட்-ஆஃப்’ வசதியில் இருக்கிறது. பேட்டரி குறிப்பிட்ட வோல்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தை அது துண்டித்துவிடும். ஆனால் எந்த வோல்டில் துண்டிக்கிறது? ஓய்ந்து நிற்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி, தோராயமாக. மலிவான பெட்டிகள் சில 11.8, 11.6 வரை விட்டுவைக்கும். அந்த அளவுக்கு இறங்கிய பிறகு துண்டிப்பது, திருடன் போன பிறகு கேட்டைப் பூட்டுகிற கதை. 12.2 அல்லது 12.4 என்று நாமே வைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாக்வியூ, தின்க்வேர் நிறுவனங்களின் பல மாடல்களில் இந்த வசதி கேமராவுக்குள்ளேயே வருகிறது. ‘ஆறு மணி நேரம் போதும்’ என்று நேரக் கணக்கு வைக்க முடிந்தால் அதையும் வையுங்கள். வோல்ட்டைவிட நேரம் நம்பகமானது என்பது என் எண்ணம்.

காரணம் இருக்கிறது. வோல்ட் என்பது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டுமே தவிர, பேட்டரிக்கு எவ்வளவு தெம்பு என்பதைக் காட்டாது. கிழடு தட்டிய பேட்டரி ஓய்வில் 12.3 காட்டும், கட்-ஆஃப் பெட்டியும் சந்தோஷமாக விட்டுவிடும். காலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றும் நொடியில் வோல்ட் பொத்தென்று விழுந்து ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பட்டறையில் கணக்கு வைத்திருப்பார்கள். ‘கேமரா மாட்டினேன், பேட்டரி போய்விட்டது’ என்று வருகிறவர்களிடம் எங்களூர் ஃபோர்மன் ஒருவர் முதலில் கேட்பது, “அண்ணே, பேட்டரி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?” என்றுதான். எக்கோ ஐடில் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. சிக்னலில் நின்றால் தானாக அணைய வேண்டிய இன்ஜின் அணையாமலே ஓடிக்கொண்டிருந்தால், பேட்டரியில் சரக்குக் குறைந்திருக்கலாம்.

ஓபிடி கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தத் துளையின் 16ஆம் ஊசியில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், செருகினால் வேலை முடிந்தது. ஃபியூஸ் பெட்டியைத் தொட விரும்பாதவர்களுக்கும், வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் சரிப்படும். அதே பேட்டரி, அதே கட்-ஆஃப் கேள்விதான். சில வண்டிகளில் அங்கே எதையாவது செருகி வைத்தால் உள்ளே இருக்கும் கணினிகள் தூங்கப் போவதில்லை என்ற புகார் உண்டு. பட்டறையில் ஸ்கேன் செய்யும்போது கழற்றுவார்கள், திரும்ப மாட்டினார்களா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பவர் பேங்க்? காகிதத்தில் அழகாக இருக்கிறது. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. மாற்றத்தில் போவது போக, கேமராவைப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஓட்டலாம். கார் பேட்டரிக்கு ஒரு கீறல்கூட விழாது. ஆனால் மூடிய வண்டி மத்தியான வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், டேஷ்போர்டு அதற்கும் மேலே. சாதாரண லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை, மின்சாரம் எடுக்க 60. இதே காரணத்துக்காகத்தான் நல்ல கேமராக்களில் லித்தியம் பேட்டரியை எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் வைக்கிறார்கள். கேமராவிலிருந்தே எடுத்துவிட்டதை, பல மடங்கு பெரிதாக்கி நாம் சீட்டுக்கடியில் வைப்பதா? ராத்திரிக்கு மட்டும் வைத்துக் காலையில் கையோடு எடுத்துப் போகிற பழக்கம் இருந்தால் சரி. அந்தப் பொறுமை எனக்கில்லை. இன்னொன்று, கேமரா அசைவுக்காகக் காத்துக்கொண்டு தூங்கும்போது மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும். ஒன்றும் செருகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

அடுத்தது கேமராவுக்கென்றே வரும் தனி பேட்டரி. பிளாக்வியூ, செல்லிங்க் பெயர்களில் கிடைப்பவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வெப்பத்தைச் சாதாரண லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. வண்டி ஓடும்போது மட்டும் சார்ஜ் ஏறும், நின்றதும் கேமராவுக்குத் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். 12.8 வோல்ட், 7,500 எம்ஏஎச் பேட்டரி ஒன்று 96 வாட்-மணி தரும். ஒற்றைக் கேமராவை இருபது மணி நேரம் ஓட்டலாம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து முழு வேகத்தில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பும், சிகரெட் லைட்டர் துளை வழியாக என்றால் ஒன்றரை மணி நேரம் வரை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதற்கு ஈடில்லை. விலைதான் இடிக்கிறது, இந்த அளவுப் பேட்டரி என்றால் ஆயிரம் வெள்ளியை ஒட்டிப் பேசுவார்கள். சின்ன வண்டிக்குப் புதுக் கார் பேட்டரியே இருநூறு வெள்ளியைச் சுற்றித்தான் வருகிறது. கார் பேட்டரியைக் காப்பாற்ற ஐந்து கார் பேட்டரியின் காசைக் கொடுப்பதா? தினமும் ஈப்போ, தைப்பிங் என்று ஓடி, தெருவோரமாகவே வண்டியை விட வேண்டியவருக்கு நியாயம் உண்டு. பத்து நிமிடம் ஓட்டுகிறவருக்கு இது நிரம்பவே நிரம்பாது. ஆயிரம் வெள்ளிப் பெட்டி அரைவயிற்றோடு கிடக்கும்.

சோலார் தகடு செம்பனை நிழலிலும் மத்தியான மழையிலும் என்ன சம்பாதிக்கும்? கண்ணாடிக்கும் டின்டட்டுக்கும் உள்ளே படுக்க வைத்தால், போட்டிருக்கும் வாட்டில் பாதிகூடத் தேறாது. நாள் முழுக்க நிற்கும் வண்டியின் சொந்தச் செலவை ஈடுகட்டினாலே பெரிய விஷயம். கேமராவுக்கு அதை நம்ப வேண்டாம்.

எங்கிருந்து எடுப்பது என்று இவ்வளவு பேசினோம். எவ்வளவு எடுக்கிறோம் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தொடர் பதிவை விட்டுவிட்டு, வண்டியை எதாவது இடித்தால் மட்டும் விழித்துப் படம் பிடிக்கும் முறைக்கு மாற்றினால் செலவு பல மடங்கு குறையும். சில கேமராக்கள் தூக்கத்தில் சில மில்லியம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். விழித்தெழ ஓரிரு நொடி ஆகும், இடித்த கணம் தப்பிப்போகலாம் என்பது உண்மைதான். ஆனால் உரசிய லோரி அதற்குள் ஓடி மறைந்துவிடாது, நம்பர் பலகை சிக்க வாய்ப்பிருக்கிறது. தொடர் பதிவில் வேறொரு தொல்லையும் உண்டு. 64 ஜிபி கார்டில் சாதாரணத் தரத்தில் பத்து மணி நேரத்துக்குப் பக்கமாகத்தான் பிடிக்கும், அப்புறம் பழையதன் மேலேயே எழுதும். இருபது மணி நேர மின்சாரம் வைத்து என்ன செய்வது?

என் தேர்வு இதுதான். பத்து இருபது நிமிட ஓட்டக்காரர்கள் ஃபியூஸ் பெட்டி வழி, 12.4 கட்-ஆஃப், எதாவது இடித்தால் மட்டும் பதிவு. ஈப்போ ஓட்டக்காரர்கள் அதே பெட்டியில் 12.2 வைத்து, பாசாரில் நிற்கும் நேரத்துக்குத் தொடர் பதிவு. வீட்டுக்கு முன்னால் கேட்டும் நாயும் உள்ளவர்கள் ராத்திரிக்குக் கேமராவையே அணைத்துவிடலாம். தனி பேட்டரி, காசும் நீண்ட ஓட்டமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு.

எதை மாட்டினாலும் முதல் வாரம் காலையில், சாவி போடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். முந்தைய ராத்திரி நிறுத்திய உடனே பார்ப்பது பொய்க் கணக்கு காட்டும். நாளுக்கு நாள் எண் இறங்கிக்கொண்டே வந்தால் கட்-ஆஃபை ஒரு படி ஏற்றுங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். தீபாவளிக்கு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூர் போவதாக இருந்தால், ஃபியூஸ் டேப்பில் இருக்கும் கேமரா ஃபியூஸைப் பிடுங்கி ஆஷ்ட்ரேயில் போட்டுவிட்டுப் போங்கள்.