ஏற்காட்டுல எங்க தகரக்கூரை வீட்டுக்கு ஓபன் செல் ஃபோம் அடிச்சது: ஒரு மழை, ஒரு பனி பார்த்தப்புறம் எழுதுறேன்

ஷீட்டுக்கு உள்பக்கம் அடிச்சா பொங்கி ஒட்டிக்கிட்டு, குளிரையும் சத்தத்தையும் தடுக்கற ஸ்ப்ரே நுரை இது. போன ஏப்ரல்ல அடிச்சோம். இப்ப பிப்ரவரி. ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் முழுசா பார்த்தாச்சு, அதனால இப்ப எழுதுனாத்தான் யாருக்காச்சும் உபயோகமா இருக்கும். பழைய வீடு வச்சிருக்கறவங்க, முக்கியமா மலையில ஷீட் வீட்டுல பெரியவங்க இருக்கறவங்க, கடைசி வரைக்கும் படிங்க. கணப்பு பத்தி கீழ எழுதியிருக்கேன், அத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

வீடு நாகலூர் போற ரோட்டுல இருக்கு. தாத்தா கட்டுனது, கல்லு சுவரு, முன்னாடி கூடம் மங்களூர் ஓடு, பின்னாடி ரெண்டு ரூமும் சமையக்கட்டும் தகர ஷீட். நாங்க கீழ சேலம் அஸ்தம்பட்டில இருக்கோம், அம்மா மேல தனியா இருக்காங்க. கூப்பிட்டா வர மாட்டாங்க, "சேலத்து வெக்கையில என்னால முடியாது கண்ணு"ன்னு ஒரே பதில். சரி அம்மா வரலேன்னா வீட்டையாவது சரி பண்ணுவோம்னு இறங்குனோம்.

என்ன பிரச்சனைன்னா, மார்கழி விடியக்காலைல ஷீட்டு வேர்க்கும். மழை இல்ல, ஒழுகல் இல்ல, ஆனா சொட்டு சொட்டா கட்டில் மேல விழும். ராத்திரி ஷீட் வெளிக்காத்த விடவே ஜில்லுனு ஆயிடும், ரூமுக்குள்ள இருக்கற ஈரம் போயி அதுல முத்து முத்தா படிஞ்சு விடியறப்ப சொட்டும். அம்மா கட்டிலுக்கு மேல ஒரு தார்ப்பாய் கட்டி வச்சிருந்தாங்க, எத்தன வருஷமாவோ. அப்புறம் சுவரு முடியற எடத்துக்கும் ஷீட்டோட நெளிவுக்கும் நடுவுல கை நுழையற சந்து, வீடு பூரா அப்படித்தான், பனிமூட்டம் இறங்குனா அது நேரா ரூமுக்குள்ள வந்து உக்காரும். பொட்டில வச்ச பட்டுச்சேலைல பூஞ்சை. மழை பேஞ்சா பக்கத்துல உக்காந்து பேசறது காதுல விழாது.

இந்த ஃபோம் என்னன்னு சுருக்கமா சொல்றேன். ரெண்டு டிரம்மு வரும், ஒண்ணு ஐசோசயனேட், இன்னொண்ணு பாலியால். ரெண்டும் சூடான ஹோஸ் வழியா வந்து ஸ்ப்ரே கன்னுல கலந்து, ஷீட்டுல பட்டதும் சில செகண்டுல பொங்கும். ஓபன் செல், அதாவது உள்ள குமிழிங்க மூடாம திறந்திருக்கற வகை, கிட்டத்தட்ட நூறு மடங்கு பொங்குது. பாலியால் டிரம்முல இருக்கற தண்ணி ஐசோசயனேட்டோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வரும், அதுதான் உப்ப வைக்குது. காஞ்சப்புறம் தொட்டா பன்னு மாதிரி மெத்துனு இருக்கும், ஒரு கன மீட்டர் வெறும் 8 கிலோ அளவுதான். க்ளோஸ்ட் செல்னு இன்னொண்ணு இருக்கு, குமிழிங்க மூடியிருக்கும், அது கெட்டி, கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல, நம்மூர்ல கோல்ட் ஸ்டோரேஜுக்கு பஃப் பஃப்னு சொல்லி அடிக்கறது அந்த வகை. ஒரே கனத்துக்கு அது ஒன்றே முக்கால் மடங்கு வெப்பத்த தடுக்கும், தண்ணியும் ஏறாது. ஓபன் செல் தண்ணி குடிக்கும்.

அப்ப ஏன் ஓபன் செல்னு கேப்பீங்க. எங்களுக்கு மொத காரணம் அந்த சந்துங்க. இது பொங்கி நெளிவுக்குள்ள எல்லாம் தானா போயி அடைச்சுக்குது, சிமெண்டு பூசுனா ஷீட்டு வெயில்ல விரிஞ்சு சுருங்கறப்ப வெடிச்சுடும், இது கூடவே நெளிஞ்சு குடுக்குது. ரெண்டாவது மழை சத்தம். மூணாவது செலவு. நாலாவதா ஒண்ணு இருக்கு, அது மழைக்காலத்துலதான் எனக்கே முழுசா புரிஞ்சுது, அத அப்புறம் சொல்றேன்.

அடிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைதான் பெரிய வேலை. ஷீட்ட பிடிச்சிருக்கற பழைய ஜே போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு வாஷர் நொறுங்கி கிடந்துச்சு, ஒவ்வொண்ணா மாத்துனோம். ஷீட்டு உள்பக்கம் துரு சுரண்டி பிரைமர் அடிச்சோம். கூரையோரம் ஓடுன பழைய ஒயரிங் பூரா கழட்டி கீழ இறக்கி புதுசா கான்ட்யூட் பைப்புல போட்டோம், ஏன்னா பழைய ஒயர ஃபோமுக்குள்ள புதைச்சா அதோட சூடு வெளிய போக வழியில்ல. இதுக்கே பதினஞ்சு நாள் ஆச்சு. இந்த வேலைய யாரும் உங்களுக்கு சொல்ல மாட்டாங்க, அடிக்க வர்றவங்களுக்கு ஸ்கொயர் ஃபீட் கணக்குதான்.

டீம் கோயம்புத்தூர்ல இருந்து வந்துச்சு, நாலு பேரு, ஒரு வண்டில மிஷினு, கம்ப்ரசர், ஜெனரேட்டர் எல்லாம். இருவது கொண்டை ஊசியும் ஏறி வந்தும் எங்க வீட்டுக்கு வர்ற குறுகலான வழிக்குள்ள வண்டி வரல, ரோட்டுலயே நிறுத்திட்டு ஹோஸ் இழுத்தாங்க. மொத நாள் காலைல எட்டு மணிக்கு வந்ததும் ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப பனி விலகவே இல்ல, ஷீட்டத் தொட்டா கை ஈரமாகுது. நான் கேட்டதுக்கு சூப்பர்வைசர் "அதெல்லாம் ஒட்டிக்கும் சார்"னாரு. ஈரத்துல அடிச்சா சரியா ஒட்டாது, அந்த தண்ணிய ஐசோசயனேட் இழுத்துக்கிட்டு கலவையே மாறிடும். நான் சண்டை போட்டு நிறுத்தி பதினோரு மணிக்கு மேல வெயில் வந்தப்புறம்தான் மறுபடி தொட விட்டேன். ஆனா அதுக்குள்ள சமையக்கட்டு மூலைல கொஞ்சம் அடிச்சிருந்தாங்க. சரியா அந்த மூலைதான் ஒரு மாசத்துல உரிஞ்சு தொங்குச்சு. ஃபோன் பண்ணி ஃபோன் பண்ணி ஆறாவது தடவைதான் ஆளு வந்தாங்க. வந்து சுரண்டிட்டு திரும்ப அடிச்சுக் குடுத்தாங்க, காசு கேக்கல, அதையும் சொல்லணும்.

அவங்க வேலைல எனக்குப் பிடிச்சது, அடிக்கறவரு முகம் முழுக்க மாஸ்க் போட்டு தனியா காத்து வர்ற குழாய் மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போனாரு. மூணு மூணு இஞ்ச்சா ரெண்டு தடவையா அடிச்சாரு, ஒரே மூச்சுல கனமா அடிச்சா உள்ள சூடு ஏறி கருகி நாத்தம் அடிக்கும்னு அவரே சொன்னாரு. கை தேர்ந்த ஆளு. பிடிக்காதது, அதே சூப்பர்வைசர் "இது தீயே பிடிக்காது, மேல எதுவும் மூட வேண்டாம்"னு சொன்னது. தப்பு. தீய தாமதப்படுத்தற மருந்து கலந்திருக்கறதால பத்தறது தாமதமாகும், அவ்வளவுதான். பத்துனா பிளாஸ்டிக் எரியற புகைதான் வரும். அதனால கீழ ஜிப்சம் போர்டு கண்டிப்பா போடணும், அமெரிக்காவுல சட்டப்படியே அரை இஞ்ச் போர்டு போட்டு மூடணும். சமையக்கட்டுல கேஸ் அடுப்புக்கு மேல திறந்து விடச் சொன்னவர நான் எப்படி நம்பறது?

அடிக்கற அன்னிக்கும் மறுநாளும் வீட்டுல யாரும் இருக்கக் கூடாது. அம்மாவ அஸ்தம்பட்டி கூட்டிட்டு வந்துட்டோம், அவங்களுக்கு வீசிங் இருக்கறதால நாலு நாள் வச்சிருந்தோம். மூணாம் நாள் நான் போனப்ப கூட லேசா மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை இருந்துச்சு, ஜன்னல் எல்லாம் திறந்து விட்டு ரெண்டு நாள்ல போயிடுச்சு.

செலவு: 560 ஸ்கொயர் ஃபீட், ஆறு இஞ்ச் கனம், ஸ்கொயர் ஃபீட்டு 190 ரூபா. போர்டு, போல்டு, ஒயரிங் எல்லாம் சேர்த்தா மொத்தம் ஒன்னே முக்கால் லட்சத்துக்கு மேல போயிடுச்சு. சின்ன காசு இல்ல.

பலன் என்னன்னா, தார்ப்பாய கழட்டியாச்சு. இந்த மார்கழி பூரா ஒரு சொட்டு கட்டில் மேல விழல. போன வருஷம் விடியக்காலை அஞ்சரைக்கு வெளிய 12 டிகிரின்னா உள்ள 14தான் இருக்கும், நானே தெர்மாமீட்டர் வச்சு எழுதி வச்சிருந்தேன். இந்த வருஷம் வெளிய 12, உள்ள 18. ஹீட்டர் எதுவும் கிடையாது, பகல்ல சுவரு வாங்குன வெயிலும் அடுப்பு சூடும் ராத்திரி வெளிய ஓடாம நிக்குது, அவ்வளவுதான் விஷயம். பாதி பலன் காத்து வர்ற சந்து அடைஞ்சதுனாலன்னு நினைக்கறேன். மழை பேஞ்சா தூரத்துல பேயற மாதிரி கேக்குது, அம்மா ரேடியோவ கூட்டாமலே கேக்கறாங்க.

இப்ப அந்த நாலாவது காரணம். ஐப்பசில அடை மழை பேஞ்சப்ப நடு ரூமு போர்டுல உள்ளங்கை அகலத்துக்கு பழுப்பா ஒரு கறை. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. போர்ட கழட்டி அந்த எடத்துல ஃபோம பிளேடால அறுத்து எடுத்தா, பிழிஞ்சா தண்ணி வருது. நேர் மேல ஒரு போல்ட்டு ஒழுங்கா முறுக்கல. ஓபன் செல்லுல தண்ணி நேரா கீழ இறங்கிடுது, ஒழுகற எடத்துக்கு நேரா கறை காட்டிக் குடுத்துடுச்சு. க்ளோஸ்ட் செல்லா இருந்தா கறையே தெரியாம ஷீட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவுல தண்ணி நின்னு வருஷக்கணக்கா துரு ஏறியிருக்கும். போல்ட மாத்தி, காய விட்டு, அறுத்த துண்ட திரும்ப சொருகி போர்டு போட்டோம். ஆனா இதையே சாக்கா வச்சு ஒழுகற கூரைல அடிச்சுடாதீங்க, நனைஞ்ச ஃபோம் தானா காயறதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

மூடுன வீட்டோட கெட்ட பழக்கமும் தெரிய வந்துச்சு. ஆடி மாசம் பீரோ பின்னாடி சுவத்துல பூஞ்சை. முன்னாடி சந்து வழியா வெளிய போயிட்டு இருந்த சமையல் ஆவி, வெந்நீர் ஆவி எல்லாம் இப்ப உள்ளயே சுத்துது. ஓபன் செல் ஈரத்த முழுசா தடுக்காது, மெதுவா உள்ள விடும், அப்ப குளிர்ந்த ஷீட்டுல போயி படியற ஆபத்தும் இருக்கு. சமையக்கட்டுலயும் பாத்ரூம்லயும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம், பீரோவ சுவத்துல இருந்து அரை அடி தள்ளி வச்சோம், அதுக்கப்புறம் பூஞ்சை வரல. ஃபேனையும் இந்த பட்ஜெட்டுலயே சேர்த்துக்கங்க.

அப்புறம் கணப்பு. மலையில எங்க வீட்டுல மட்டும் இல்ல, லைன் வீடுகள்ல, எஸ்டேட்டுல, எல்லா எடத்துலயும் குளுருக்கு இரும்புச் சட்டில கரி போட்டு ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்கற பழக்கம் உண்டு. அது எப்பவுமே ஆபத்துதான், பழைய வீட்டுல அந்த சந்தும் ஓட்டையும்தான் கொஞ்சமாச்சும் காப்பாத்திட்டு இருந்துச்சு. கரி கனியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நெறம் கிடையாது, வாடை கிடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சுடும். ஃபோம் அடிச்சு எல்லா சந்தையும் அடைச்ச ரூமுல கணப்பு வச்சா என்ன ஆகும்னு அந்த டீம்ல ஒருத்தரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல, எங்களுக்கும் மொதல்ல தோணல. கார்த்திகைல ஒரு நாள் சாயங்காலம் நான் மேல போனப்ப அம்மா வழக்கம் போல சட்டில கரி எடுத்துட்டு ரூமுக்குள்ள வர்றாங்க. கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி. அந்த நிமிஷத்த நினைச்சா இன்னமும் கை நடுங்குது. சட்டிய வெளிய எடுத்துட்டுப் போயி தண்ணி ஊத்துனேன். அம்மாவுக்கு கோவம், "அம்பது வருஷமா வைக்கறேன் எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னாங்க. உக்கார வச்சு பொறுமையா சொன்னேன், அம்பது வருஷமா இந்த வீடு ஓட்டையா இருந்துச்சும்மா, இப்ப இல்லம்மான்னு. மறுநாளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆர்டர் போட்டு வாங்கி மாட்டுனேன், பேட்டரில ஓடுறது. இத ஃபோம் விக்கறவங்க பில்லோட சேர்த்தே குடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

சேலத்துல இருக்கறவங்க நெறைய பேரு கேக்கறாங்க, மொட்டை மாடில வெயிலுக்கு இத அடிக்கலாமான்னு. வெளிப்பக்கம் ஓபன் செல் வேணவே வேணாம், மழைத் தண்ணிய குடிக்கும், வெயில் பட்டா மஞ்சளாகி பொடிஞ்சு கொட்டும். கான்கிரீட் மாடிக்கு மேல அடிக்கறதுன்னா க்ளோஸ்ட் செல், அதுக்கு மேல கோட்டிங்கோ தளமோ போடணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சுப் பாருங்க, சித்திரை வெயிலுக்கு அதுவே நல்லா கேக்கும், செலவும் ரொம்ப கம்மி. மாடில ஷீட் போட்ட ரூமு இருந்தா, அதுக்கு உள்பக்கம் ஓபன் செல் நல்லா பொருந்தும்.

முன்னாடி கூடத்து ஓட்டுக்கு நாங்க அடிக்கல. டீம் அடிக்கலாம்னுதான் சொன்னாங்க, நான் ஒத்துக்கல. இங்க கொரங்கு ஓடாம நாள் கிடையாது, மாசம் ரெண்டு ஓடு ஒடையும், ஓட்டு அடியில ஃபோம் ஒட்டிக்கிச்சுன்னா ஒத்த ஓட எப்படி மாத்தறது? அதோட ஓட்டத் தாங்கற மரச் சட்டமும் ரீப்பரும் ஃபோமுக்குள்ள மறைஞ்சுட்டா கரையான் ஏறுனாலும் உளுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்துல முக்கியமா இந்த மாதிரி காரணத்துக்காக, கூரைல ஸ்ப்ரே ஃபோம் அடிச்ச வீட்டுக்கு பல பேங்க்ல லோன் குடுக்கத் தயங்கறாங்க, மரத்த சோதிச்சுப் பார்க்க வழியில்லாததால. அதனால கூடத்துக்கு ஓட்டுக்கும் கீழ்க்கூரைக்கும் நடுவுல காத்து போக எடம் விட்டு பலகை அடிச்சு, பலகைக்கு மேல ராக்வூல் (கல்லுல இருந்து செய்யற பஞ்சு மாதிரி வெப்பத் தடுப்பு) பரப்பலாம்னு ஆசாரி சொல்லியிருக்காரு. பங்குனில வர்றேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் அம்மா கூடத்துல பகல்ல மட்டும் உக்காந்துட்டு, பொழுது சாஞ்சதும் பின் ரூமுக்கு வந்துடறாங்க.